வாடித் தீயில் கிடைத்த இரண்டு கடவாய்ப் பற்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வட்டை, அதாவது வயல்வெளி. பெரும்போக நெல் பழுத்து நிற்கும் நாட்களில்தான் யானை இறங்கும், அதனால் வயல் வாடியில், காவல் குடிசையில், ஆள் படுக்காத இரவே அந்தப் பக்கம் கிடையாது. அப்படிக் காவலுக்குப் போன தாய்மாமனும் மருமகனும் ஓர் இரவில் வாடியோடு எரிந்துபோன சம்பவம் இது. ஊர், ஆண்டு, குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். பற்கள் சொன்னதில் மட்டும் கைவைக்கவில்லை.

மாமனுக்கு 34 வயது, அக்காவின் மகனுக்கு 27. கம்பு நட்டு, பலகைப் பரண் போட்டு, மேலே இலுக்கு வேய்ந்து, மழைக்குப் பழைய தகரமும் ஏற்றிய வாடி. பரணுக்குக் கீழே தண்ணீர் பம்புக்கு வைத்திருந்த பெட்ரோல் கேன், பக்கத்தில் யானை வெடி. இரவு ஒரு மணி போல வெளிச்சத்தைக் கண்ட அடுத்த வட்டைக்காரர்கள் யானைக்குப் பந்தம் கொளுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தார்கள், வெடிச் சத்தமும் அதற்குப் பொருந்தித்தான் கேட்டது. விடியப் போய்ப் பார்த்தால் தகரத்துக்குக் கீழே சாம்பல்.

அப்போது அங்கே நின்றவர்கள் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. சொந்தப் பிள்ளை புகைந்துகொண்டிருக்கும்போது யார்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், வாய்க்காலில் தண்ணீர் அள்ளி ஊற்றினார்கள், எலும்பு என்று கண்ணுக்குப் பட்டதை எல்லாம் பொறுக்கி யூரியா பை ஒன்றில் போட்டார்கள். ஆனால் கொதிக்கும் பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது வெடித்துவிடும், பைக்குள் உருண்டால் எந்தத் துண்டு எந்த இடத்தில் கிடந்தது என்ற தகவலும் போய்விடும். தீக்கு அடுத்தபடியாக எங்களிடமிருந்து அதிகம் பறித்தவை அந்தத் தண்ணீரும் அந்தப் பையும்தான்.

திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார், பொலிஸ் வந்தது, நீதவானின் உத்தரவோடு பை பிரேத அறைக்கு வந்தது. பல் வைத்தியரான என்னைச் சட்ட வைத்திய அதிகாரி கூப்பிட்டது மறுநாள். அவர் முதலில் கேட்டது யார் என்றே அல்ல. "டொக்டர், இது ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

கேள்விக்குக் காரணம் இருந்தது. பையில் இருந்த மண்டையோட்டுத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு தலைக்கே போதாது. ஊரிலோ அதற்குள் வேறு கதை கிளம்பிவிட்டது, மருமகன் தப்பி ஓடிவிட்டான், செங்கலடிச் சந்தியில் கண்டவர்கள் இருக்கிறார்கள், பயத்தில் ஒளிந்திருக்கிறான் என்று. அவனுடைய அம்மா பிரேத அறை வாசலில் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். இறந்தது அவருடைய தம்பி, தப்பியது மகன், அல்லது மறுதலை. எப்படிப் பார்த்தாலும் அவருக்கு இழப்புத்தான், ஆனால் ஒன்றா இரண்டா என்பது அவருக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பையை நம்பிப் பயனில்லை என்று முடிவெடுத்து வாடிக்கே திரும்பப் போனோம். எரிந்த இடத்தை கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துச் சாம்பலையும் தனித்தனியாக அள்ளி, முதலில் அரிதட்டில், பிறகு இரண்டாக மடித்த நுளம்பு வலையில் அரித்தோம். பரண் எரிந்து சரிந்ததில் இரண்டு பேரும் ஒன்றாக விழுந்திருந்தார்கள். முழு நாள் வேலை. எரிந்த பல்லின் துண்டைப் பழக்கமில்லாத கண்ணுக்குச் சிறு கல்லில் இருந்து பிரித்தறிய முடியாது, அதனால் சந்தேகப்பட்டது எதையும் எறியாதீர்கள் என்று கூட நின்ற பொலிஸ்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். கிடைத்ததைப் பஞ்சில் சுற்றி, சின்னச் சின்ன டப்பாக்களில், கட்ட எண் எழுதி வைத்தோம். எரிந்த பல் விரல் நகம் பட்டாலே மாவாகிவிடும்.

பிரேத அறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து அடுக்கியபோது கேள்விக்கு விடை கிடைத்தது. கீழ்த்தாடை வலப்பக்க முதற் கடவாய்ப் பல், நாங்கள் 46 என்று எண்ணிடும் பல், இரண்டு இருந்தன. ஒரு மனிதனுக்கு ஒரு 46தான். ஒன்று தாடையெலும்புத் துண்டோடு, சாம்பல் நிறத்தில், நடுவில் வெள்ளி அடைப்போடு. மற்றது தனியாக, வேர் முழுசாக, மண்ணிறத்தில், அடைப்பு எதுவும் இல்லாமல். இரண்டு பேர். செங்கலடிக் கதை அந்த மேசையில் முடிந்துபோனது. அதை அம்மாவிடம் போய்ச் சொன்னது சட்ட வைத்திய அதிகாரி, நான் கூட நின்றேன்.

இவ்வளவு தீயில் பல் மட்டும் எப்படி நிற்கிறது என்று பலரும் கேட்பார்கள். பல்லின் வெளிக்கவசமான எனாமலில், பாடப்புத்தகத்தில் மிளிரி என்று படித்தோமே அதில், எடையில் 96 சதவீதம் அளவுக்குக் கனிமம்தான், எரிய அங்கே பெரிதாக எதுவும் இல்லை. அதற்கு உள்ளே இருக்கும் டென்டீன் அப்படியல்ல, அதில் கனிமம் ஏறக்குறைய 70 சதவீதம், மீதி புரதமும் தண்ணீரும். சூடு ஏற ஏற தண்ணீர் ஆவியாகி டென்டீன் சுருங்கும், எனாமல் சுருங்காது, அதனால் தொப்பி கழல்வது போல எனாமல் கழன்று சில்லுச் சில்லாகிவிடும். ஆனால் தாடைக்குள் புதைந்திருக்கும் வேருக்கு எலும்பு காவல், கடவாய்ப் பல்லுக்குக் கன்னத் தசையும் நாக்கும் காவல். முன்பல்லுக்கு உதடு மட்டும்தான், அதுவும் சூட்டில் சுருங்கி முதலிலேயே விலகிவிடும். ஆகவே முன்பற்கள் முதலில் போகும், கடவாய்ப் பற்கள் கடைசிவரை நிற்கும். இந்த ஒரு விஷயம் பின்னால் என்னைக் கவிழ்த்தது, அதனால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

நிறமும் பேசும். மண்ணிறம், கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று சூட்டோடு நிறம் மாறிப் போகும். வெள்ளையாகிவிட்ட பல்லில் கனிமம் மட்டுமே மிச்சம், அதில் டிஎன்ஏ தேடுவது அநேகமாக வீண். மண்ணிற வேர் கிடைத்தால் நம்பிக்கை இருக்கிறது.

சரி, இரண்டு பேர் என்று தெரிந்துவிட்டது, காணாமல் போனதும் இரண்டு பேர். அப்புறம் என்ன ஆராய்ச்சி, இரண்டையும் கொடுத்துவிட்டால் போகுமே என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். எது யாருடையது? மாமனின் மனைவிக்கு ஒரு குழி வேண்டும், மருமகனின் தாய்க்கு ஒரு குழி வேண்டும். அந்தக் குழியில் தன் ஆள்தான் இருக்கிறார் என்று தெரியாமல் எந்த மனிதர் திவசம் செய்வார்? இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போகாது.

பேரழிவில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் முதன்மையாக ஏற்பது மூன்று: விரல் ரேகை, பல், டிஎன்ஏ. இங்கே ரேகைக்கு வழியில்லை. பல் என்றால், உயிரோடு இருந்தபோது எடுத்த பதிவு வேண்டும். 1897இல் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் தீப்பிடித்து 126 பேர் இறந்தபோது பல் வைத்தியர்கள் தங்கள் குறிப்பேடுகளைக் கொண்டுவந்துதான் பலரை அடையாளம் காட்டினார்கள், அலாங்சோன் கோமகளையும் அப்படித்தான் கண்டார்கள். 2004 சுனாமியில் தாய்லாந்தில் பற்களால் அடையாளம் காணப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள், ஏனென்றால் அவர்களுடைய எக்ஸ்ரேயும் அட்டையும் ஊரில் ஒரு வைத்தியரிடம் இருந்தன. கடற்கரைத் தாய்லாந்து மக்களுக்கு அது இல்லை. எங்கள் மக்களுக்கும் இல்லை. பல் வலித்தால் கிராம்பு, அதற்கும் கேட்காவிட்டால் பிடுங்குவது, அட்டை எங்கே இருக்கும்?

மருமகன் சின்ன வயதில் கல்லடிப் பக்கம் சித்தி வீட்டில் நின்று படித்தவன். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் கீழ்க் கடவாய்ப் பல் ஒன்றுக்கு அடைத்தது அம்மாவுக்கு நினைவிருந்தது, வலமா இடமா என்று நினைவில்லை. அந்த அட்டை 2004 டிசம்பர் 26 அன்று கடலோடு போய்விட்டது. இருந்தாலும் இது நல்ல துப்பு. வெள்ளி அடைப்பில் உள்ள பாதரசம் 357 பாகையில் கொதித்துப் போய்விடும், அடைப்பின் மேல் குட்டிக் குட்டி மணிகளாக உலோகம் பொரிந்து நிற்கும், ஆனால் வெள்ளியும் தகரமும் சேர்ந்த மிச்சம் பல்லிலேயே கிடக்கும். எங்கள் சாம்பல் நிற 46இல் கிடந்தது அதுதான். மாமனுக்கு அடைப்பு உண்டா என்று அவர் மனைவிக்குத் தெரியவில்லை. எத்தனை பேருக்குத் தங்கள் கணவரின் கடவாய்ப் பல் தெரியும்?

அடுத்தது மேல்தாடையின் வலப்பக்கத் துண்டு. இதுதான் என்னை ஈர்த்தது. முன்பற்களின் தலைகள் எல்லாம் உடைந்து போயிருந்தன, ஆனால் வேர்க்குழிகள் தெளிவாக இருந்தன. நடு முன்பல்லுக்கு ஒரு குழி, அதை ஒட்டி உடனே கோரைப் பல்லுக்குக் குழி. நடுவில் இருக்கவேண்டிய பக்க முன்பல்லுக்குக் குழியே இல்லை, பிடுங்கி ஆறிய தடமும் இல்லை, அந்தப் பல் முளைக்கவே இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி.

அம்மா போனில் ஒரு கல்யாணப் படம் காட்டினார். மகன் வாய் நிறையச் சிரிக்கிறான், வலப்பக்கம் முன்பல்லை ஒட்டினாற்போல் கூரான ஒரு பல். "அவன் சிரிச்சா அந்தச் சிங்கப்பல்தான் முன்னுக்குத் தெரியும் மகள்" என்றார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எண்ணினேன், பக்க முன்பல் இல்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் உடனே அழத் தொடங்கிவிட்டார். "இருக்கலாம் அம்மா" என்று மட்டும்தான் சொன்னேன். அந்த வாசலில் "இருக்கலாம்" என்ற சொல் "ஓம்" என்றுதான் கேட்கும், அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அடைப்புள்ள கீழ்த்தாடை, பல் முளைக்காத மேல்தாடை, இரண்டும் மருமகனுடையவை என்று என் குறிப்பில் ஒரே பக்கத்தில் எழுதினேன். சட்ட வைத்திய அதிகாரி வாசித்துவிட்டு, டிஎன்ஏ வரும்வரை இதில் கையெழுத்து வைக்கப் போவதில்லை என்றார். எனக்கு அப்போது கொஞ்சம் கோபம்கூட வந்தது. இப்போது அவருக்கு நன்றி சொல்கிறேன்.

டிஎன்ஏ எடுக்கப் பல்லை அரைக்க வேண்டும், அரைத்த பல் திரும்ப வராது. அதனால் நீதவானின் அனுமதி எடுத்து, ஒவ்வொரு பல்லையும் எல்லாப் பக்கமும் படம் பிடித்து, எக்ஸ்ரே எடுத்து, உறுதியாக இருந்ததற்கு அச்சும் எடுத்த பிறகுதான் தொட்டோம். தலைப்பகுதியை வெட்டி எங்களிடம் வைத்துக்கொண்டு வேரை மட்டும் கொழும்புக்கு அனுப்பினோம். எந்தப் பற்கள்? இரண்டு 46களும் கட்டாயம், ஏனென்றால் அவை இரண்டு வேறு மனிதர்களுடையவை என்பதில் யாருக்கும் சந்தேகமே வர முடியாது. அதோடு அந்த மேல்தாடைத் துண்டில் ஒட்டியிருந்த ஒரு கடவாய்ப் பல், மேல்தாடை யாருடையது என்று கட்டிவைக்க. இந்த மூன்றாவதை அனுப்பச் சொன்னது சட்ட வைத்திய அதிகாரிதான், எனக்கு அது தேவையில்லை என்றே பட்டது.

பல்லுக்குள் டிஎன்ஏ இருப்பது நடுக்கூழில், டென்டீனின் நுண் குழாய்களில், வேரைப் போர்த்தியிருக்கும் சீமெந்துப் படையில். ஆய்வுகூடத்தில் மேற்பரப்பைப் பிளீச்சிங்கால் கழுவி, தொட்ட கைகளின் டிஎன்ஏயை அழித்து, மைனஸ் 196 பாகைக் குளிரில் இருக்கும் திரவ நைதரசனில் விறைக்க வைத்து அரைப்பார்கள், அரைக்கும் சூட்டிலேயே மிச்சமும் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. பிறகு கல்சியத்தைக் கரைத்து டிஎன்ஏயைப் பிரித்தெடுப்பார்கள். தீயில் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்துவிடும், நீளமான பகுதிகள் முதலில் போகும், குட்டையான பகுதிகள் மிஞ்சும். அந்தக் குட்டைத் துண்டுகளை வைத்தே ஒப்பிடும் முறைகள் இப்போது இருக்கின்றன.

ஒப்பிட உறவினர் வேண்டும். இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் வழக்கமும் இந்த விஞ்ஞானமும் ஒரே பாதையில் வந்து நின்றன. மிகவும் சிதைந்த எச்சங்களில் பெரும்பாலும் நாடுவது மைட்டோகொண்ட்ரிய டிஎன்ஏயை, 16,569 எழுத்துக் கொண்ட ஒரு சின்ன வளையம், ஒவ்வொரு கலத்திலும் நூற்றுக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் சிலவாவது தப்பும். ஆனால் அது தாயிடமிருந்து மட்டும் வரும். மட்டக்களப்பில் உன் குடி, அதாவது தாய்வழிக் குலம், என்ன என்று கேட்டால் அம்மாவின் குடியைத்தானே சொல்வோம், அதே போல. தாய்மாமனும் மருமகனும் ஒரே குடி. இருவருக்கும் ஒரே மைட்டோகொண்ட்ரிய டிஎன்ஏ. அந்தச் சோதனை இருவரையும் அந்தக் குடும்பம் என்று சொல்லும், யார் எவர் என்று ஒருநாளும் சொல்லாது.

ஆகவே கலத்தின் கருவில் உள்ள டிஎன்ஏ, அதோடு தந்தைவழி வரும் வை (Y) நிறமூர்த்தம். அம்மாவிடம் மாதிரி எடுத்தோம், ஒரே மாதிரி இரண்டு பேருக்கும் உதவும், ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு அக்கா. அவருடைய கணவர், மாமனின் மனைவி, மாமனின் நான்கு வயது மகள் எல்லோரிடமும் எடுத்தோம். கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவுவதுதான், ஊசி இல்லை என்றதும் அந்தச் சின்னவள் தானே வாயைத் திறந்தாள். "இது அந்த 81 பிள்ளைக்குச் செய்ததுதானே மகள்?" என்று அம்மா கேட்டார். சுனாமிக்குப் பிறகு கல்முனை ஆஸ்பத்திரியில் 81ஆம் எண்ணில் கிடந்த குழந்தையை 2005 பெப்ரவரியில் பெற்றோரிடம் சேர்த்த சோதனையை எங்கள் பகுதியில் மறந்தவர்கள் இல்லை. ஓம் என்றேன்.

கூட வந்த ஒருவருக்கு நம்பிக்கை இல்லை, டிஎன்ஏ மாத்தி மாத்திச் சொல்லும் என்றார். அவர் மனதில் இருந்தது சாய்ந்தமருது. ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பின் அந்த ஊரில் நடந்த 2019 ஏப்ரல் 26 வெடிப்பில் இறந்ததாகக் கருதப்பட்ட ஒரு பெண்ணை முதல் இரண்டு சோதனைகளும் உறுதிப்படுத்தவில்லை, புதைத்ததைத் திரும்பத் தோண்டிச் செய்த மூன்றாவது சோதனையை வைத்து 2023இல் பொலிஸ் உறுதி என்று அறிவித்தது. அவருடைய சந்தேகத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் பொருந்தவில்லை என்பது வேறு, எடுத்த துண்டில் போதிய டிஎன்ஏ இல்லை என்பது வேறு, சோதித்த துண்டு வேறொருவருடையது என்பது இன்னும் வேறு. பல பேர் கலந்து கிடக்கும் இடத்தில் எந்தத் துண்டை எடுத்தோம் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. எங்களுக்கும் நடந்தது அதுதான்.

மாதங்கள் போய் அறிக்கை வந்தது. அடைப்புள்ள சாம்பல் நிற 46இல் குட்டைத் துண்டுகள் மட்டுமே தேறியிருந்தன, ஆனால் டிஎன்ஏயில் தேறிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாதி அம்மாவோடும் மறு பாதி அவர் கணவரோடும் ஒத்துப்போனது. மகன். தாயும் பிள்ளையும் என்றால் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றாவது பொதுவாக இருந்தே தீரவேண்டும், அக்கா தம்பிக்குள் அந்தக் கட்டாயம் இல்லை, சில இடங்களில் எதுவுமே ஒத்துப்போகாமல் இருக்கலாம். மண்ணிற 46 ஏறக்குறைய முழுசாக வந்தது, அதில் சில இடங்கள் அம்மாவோடு ஒட்டவே இல்லை, ஆனால் சின்ன மகளோடு எல்லா இடத்திலும் ஒட்டியது. மாமன். அதுவரை நான் நினைத்தபடிதான்.

மூன்றாவது, அந்த மேல்தாடைப் பல். அது மாமனோடு ஒன்றாகப் போனது. சிங்கப்பல் தாடை மருமகனுடையது அல்ல.

மேசையில் எல்லாம் எனக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. கீழ்த்தாடை சாம்பல் நிறம், மேல்தாடை மண்ணிறம், ஒரே வாயின் ஒரே பக்கம் இவ்வளவு வேறுபட்டு எரிவது அபூர்வம் என்று முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். கட்ட எண்களும் தள்ளித்தான் இருந்தன. பல் முளைக்காதது குடும்பங்களில் ஓடும் குணம் என்று படித்தவள் நான், தாய்மாமனுக்கும் இருக்கலாமே என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மாவிடம் பிறகு கேட்டபோது யோசிக்காமலே சொன்னார், "எங்கட அப்பாக்கும் அந்தப் பல் இல்ல, தம்பிக்கும் இல்ல." மாமன் தன் கல்யாணப் படத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். படத்தில் தெரிவது முன்பல், தீயில் மிஞ்சுவது கடவாய்ப் பல், நான் அந்த இரண்டுக்கும் இடையில் விழுந்தேன்.

அவரிடம் நானே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மறுகா ஏன் மகள் அண்டைக்கு ஓம் எண்ட மாதிரிப் பாத்தீங்க?" என்று கேட்டார். நான் பிழை விட்டேன் அம்மா என்றேன், வேறு சொல்ல எதுவும் இருக்கவில்லை. இவ்வளவு நாளும் தன் மகனென்று நினைத்து எண்ணெய் விளக்கு வைத்தது தம்பியின் பல்லை நினைத்துத்தானா என்றார், பிறகு தானே, "அவனும் நான் தூக்கி வளத்தவன்தானே" என்றார்.

எச்சங்களைப் பிரித்தோம். பல்லோடும் தாடையோடும் தொடுத்து நிச்சயமாகச் சொல்ல முடிந்தவை இரண்டு பெட்டிகளில். யாருடையது என்று சொல்லவே முடியாத வெள்ளைத் துண்டுகள் நிறைய இருந்தன, அவற்றைப் பாதி பாதியாகப் பங்குபோட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார், நான் மறுத்தேன், இன்னொரு முறை ஊகத்தில் எதையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது பெட்டி வைத்தோம், அதில் என்ன இருக்கிறது, ஏன் பிரிக்க முடியவில்லை என்று குடும்பத்துக்கு உட்காரவைத்து விளக்கினோம்.

தகனமா அடக்கமா என்று வந்தபோது அம்மா இன்னொரு தீ வேண்டாம் என்றார். இரண்டு குழிகள் வெட்டியிருந்தார்கள். மூன்றாவது பெட்டியை எங்கே வைப்பது என்று ஆண்கள் பேசிக்கொண்டு நிற்க, அவர் மண்வெட்டிக்காரரைக் கூப்பிட்டு இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒன்று வெட்டச் சொன்னார்.